ஆ. தேசப்பன், மீனவர், காத்திவாக்கம்

என்னைப் பாப்பா என்று கூப்பிட இனி யாரும் இல்லாமல் செய்துவிட்டுப் போன என் அண்ணாவுக்கு,

எப்படி இருக்கே என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டால் நீ சொல்லும் பதிலும் தெரியும். "எனுக்கு இன்னா பாப்பா, ஜம்முனு கீறேன்." மார்வலியோடு இருந்தபோதும் அதைத்தான் சொன்னாய். அதனால் கேட்கவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. போன வியாழக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மொத்தம் நாலு வரி. அதில் மூணு வரி என் பெயர், துறை, விண்ணப்ப எண். மிச்சம் ஒரே வரி: "ஆய்வு வெளியீடுகளின் தாக்கம் போதுமானதாக இல்லை." பதினாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

கோபமாக இருக்கிறது அண்ணா. யார் மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கமிட்டி மேலா, என் மேலேயா, சில நேரம் உன் மேலேகூடவா? அண்ணியிடம் கொட்டலாம் என்றால் அவளுக்கு என்னால் வந்த கஷ்டமே போதும். அதனால் உனக்கு எழுதுகிறேன். நடுவில் யாராவது படித்தால் படிக்கட்டும். ஒளித்துப் பேசுகிற விஷயம் இதில் ஒன்றுமில்லை.

ஒரு நாள் படகில் என்னிடம் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "காலேஜில பாடம் எடுக்கிறே, சரி. மத்த நேரம் இன்னாதான் பண்றே?" நான் வலையிலிருந்து ஒரு இறாலை எடுத்துக் காட்டிச் சொன்னேன். தண்ணீரில் ஈயம், காட்மியம் மாதிரி உலோகம் கலந்தால், அதைப் பிடித்துக் கட்டிவைக்க இறாலின் உடம்பு ஒரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று அளந்தால், அந்த இறால் என்ன பாடு படுகிறது என்று தெரிந்துவிடும். அதுதான் என் வேலை என்றேன்.

"அப்போ நீ எறா டாக்டரு" என்றாய். அன்றையிலிருந்து குப்பத்தில் யார் கேட்டாலும் "தங்கச்சி எறா டாக்டருக்குப் படிச்சிகீது" என்று சொல்லித் திரிந்தாய். உன் தோஸ்து எல்லப்பன் ஒரு தடவை நிஜமாகவே செத்த இறாலைக் கொண்டுவந்து மருந்து கேட்டான்.

பேப்பர் என்றால் என்ன என்றும் அன்றைக்குத்தான் கேட்டாய். கண்டுபிடித்ததை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்புவோம், முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் படித்துக் குறை சொல்வார்கள், திருத்திக் கொடுத்தால் அச்சாகும் என்றேன். அப்புறம் வேறு ஒருவர் தன் பேப்பரில் நம்முடையதை எடுத்துச் சொன்னால் அது ஒரு மேற்கோள். எத்தனை மேற்கோள் வருகிறதோ அத்தனை மதிப்பு என்றேன்.

"திட்டி எழுதினாக்கூடவா?"

"திட்டினாலும் ஒண்ணுதான்."

"தன்னப் பத்தித் தானே சொல்லிக்கினா?"

"அதையும் சில பேர் செய்யறாங்கண்ணா."

துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏலத்துல தன் மீனத் தானே கேக்குற மாரி" என்றாய்.

என் பெயரில் இன்றைக்கு இருபத்தோரு பேப்பர் இருக்கிறது. அதிலேயே அதிக மேற்கோள் வாங்கியது எது தெரியுமா? நான் வெளியூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது வந்தது. பதிமூன்று பெயரில் என் பெயர் ஏழாவது. அதற்காக நான் செய்தது மூன்று வார வேலை. அந்தப் பதிமூன்று பேரில் இரண்டு பேரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆய்வுக்கூடத்தின் பக்கமே அவர்கள் வந்ததில்லை. என் மொத்த மேற்கோளில் பாதிக்கு மேல் அந்த ஒன்றிலிருந்து வருகிறது. அதைப் பற்றி எந்தக் கமிட்டியும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நம்முடைய எண்ணூர் இறால் பேப்பருக்கு எத்தனை தெரியுமா? ஏழு. அந்த ஏழில் ஒன்று நானே எழுதினது. என் மீனை நானே ஏலத்தில் கேட்டேன் அண்ணா. சிரிக்காதே.

அந்தப் பேப்பருக்கு நாம் பட்ட பாட்டை இந்த ஏழு என்ற எண்ணுக்குள் எப்படி அடைப்பது? முதல் வருஷத்தை நினைத்துப் பார். மாதம் ஒரு நாள், சரியாகக் காலை பத்து மணிக்கு, கழிமுகத்தில் ஐந்து இடத்தில் இறால் பிடித்தோம். பிடித்த இறாலை உறையவைக்கத் திரவ நைட்ரஜன் இருந்த கேனை நீ புகை டப்பா என்பாய். அதைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தாய். வருஷம் முடிந்து கணக்குப் போட்டால் ஒன்றும் சேரவில்லை. ஒரு மாதம் மரபணு தாறுமாறாக வேலை செய்கிறது, அடுத்த மாதம் அதே இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு வருஷ உழைப்பு வீண் என்று உன் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதேன். அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள்.

நீ என் தாள்களை வாங்கிப் பார்த்தாய். உனக்கு இங்கிலீஷ் தெரியாது. தேதியை மட்டும் படித்தாய். ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துக்கொண்டே போனாய்.

"பத்து மணின்னா எந்தப் பத்து மணி பாப்பா? அமாவாசையன்னைக்குப் பத்து மணிக்கு கடல் தண்ணி நெறஞ்சி நிக்கும். அஷ்டமியில அதே பத்து மணிக்கு வத்திகினு கெடக்கும். கடல் தண்ணி உள்ள வந்தா கால்வா தண்ணி ஒதுங்கிடும், எறாவும் எடம் மாறும். ஒரு வாட்டி கடல் எறாவ எடுக்குறே, ஒரு வாட்டி கால்வா எறாவ எடுக்குறே. அப்பால ரெண்டும் ஒண்ணா இல்லியேன்னு குந்திகினு அழுவுறே."

நீ மேலே சொன்னாய். "கடியாரத்த வூட்ல வெச்சிட்டு வா. தண்ணி வத்தி முடியற நேரத்துக்கு எடுப்போம், அது எத்தினி மணியா இருந்தாலும். இன்னொண்ணு, சட்ட கழட்டினு கீற எறாவத் தனியா போடு. அது உடம்பே வேற. அத்த மத்ததோட சேக்காதே."

முனைவர் பட்டம் வாங்கினவள் நான். தண்ணீரின் நேரத்தையும், இறால் ஓடு உரிக்கும் நேரத்தையும் பற்றி எனக்குப் புத்தகத்தில் தெரியும். ஆனால் என் ஆய்வை எங்கே அது கெடுக்கிறது என்று நீ சொல்லித்தான் தெரிந்தது. இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் நீ சொன்னபடி எடுத்தோம். கணக்கு ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. கழிவு வந்து சேரும் கால்வாயை நெருங்க நெருங்க மரபணு ஏறுகிறது, கடல் வாயை நெருங்க நெருங்க இறங்குகிறது. குழந்தை பார்த்தாலும் புரியும்.

அதனால்தான் உன் பெயரை இரண்டாவதாகப் போட்டேன். நீ வேண்டாம் என்றாய். "என் பேரு எதுக்கு? எல்லப்பன் பேஜாரு பண்ணுவான்." நான் விடவில்லை. ஆய்விதழ் ஒவ்வொருவரும் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டது. உன்னிடம் கேட்டதற்கு, "மீனவர்னு போடு, காத்திவாக்கம்னு போடு. வேற இன்னா போடுவே?" என்றாய். அப்படியே போட்டேன். ஈமெயில் கட்டாயம் என்றார்கள். உன் பெயரில் ஒன்று தொடங்கினேன். நீ அதை ஒரு நாளும் திறந்ததில்லை.

நான் திறக்கிறேன். வாரம் ஒரு தடவை. "மதிப்பிற்குரிய டாக்டர் தேசப்பன் அவர்களே, எங்கள் மாநாட்டில் தலைமை உரை ஆற்ற வாருங்கள்" என்று எங்கெங்கிருந்தோ கூப்பிடுகிறார்கள். ஆசிரியர் குழுவில் சேரச் சொல்கிறார்கள். பேப்பரில் பெயர் வந்த யாருக்கும் இப்படி வரும், பணம் பறிக்கிற கூட்டம். ஆனாலும் அழிக்க மனசு வரவில்லை. உன்னை டாக்டர் என்று கூப்பிடுகிறார்களே.

பேப்பர் அச்சில் வந்ததை நீ பார்க்கவில்லை. அதைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன். முடியாது.

கடைசியாகப் படகில் போனபோது, குப்பியை என்னிடம் நீட்டிவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். "மார்ல ஒரு மாதிரியா கீது பாப்பா. காலைல துன்னது செரிக்கல போலக்குது." ஆய்விதழ்க்காரர்கள் திருத்திக் கொடுக்க மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருந்த நேரம் அது. "இத அனுப்பிட்டு வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேண்ணா" என்றேன். பத்து நாள் கழித்துப் போனில் மறுபடி சொன்னாய். நீயே சமாதானமும் சொன்னாய். "அவசரம் ஒண்ணும் இல்ல. உன் வேல முடியட்டும்."

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் திருத்தின பேப்பரை அனுப்பினேன். வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தேன், உன்னைக் கூட்டிப்போக. புதன்கிழமை காலையில் அண்ணி போன் பண்ணினாள். வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்றாள்.

என் பெயரில் இருக்கும் இருபத்தோரு பேப்பரில் ஒன்றுக்கு இந்த விலை. எந்தப் பட்டியலில் இதை எழுதுவது? நீ என் மேல் கோபமாகப் போனாயா அண்ணா? அதை மட்டும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஜூன் மாதம் பதவி உயர்வு நேர்காணல். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். தலைவர் என் பட்டியலைப் புரட்டிவிட்டு, "உங்க எச்-இண்டெக்ஸ் என்ன மேடம்?" என்றார். எத்தனை பேப்பருக்கு எத்தனை மேற்கோள் என்று பார்த்து ஆளுக்கு ஒரே எண்ணாகப் போடும் மதிப்பெண் அது. சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தன் தாளில் எதையோ அடித்தார்.

எண்ணூர் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் குறுக்கிட்டார். "இந்த ரெண்டாவது ஆத்தர் யாரு? மீனவர்னு போட்டிருக்கே?"

"ஆமா சார். கழிமுகத்துல மீன் பிடிக்கிறவர்."

"உங்களுக்கும் அவருக்கும் இனிஷியல் ஒண்ணா இருக்கே."

"என் அண்ணன் சார்."

அப்புறம் தலைவர் மெதுவாகக் கேட்டார். "சொந்த அண்ணன் பேரை அன்பளிப்பா போட்டீங்களா?"

இல்லை என்றேன். தண்ணீரின் நேரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "படகு ஓட்டினதுக்கு நன்றின்னு கடைசில ஒரு வரி போட்டா போதுமே மேடம்" என்று ஒருவர் சொல்ல, நேரம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். "ஒரு மாசத்துக்குள்ள அந்தப் பேரை எடுத்து நன்றியுரைல போட்டுடுங்க. ஆய்விதழுக்கு எழுதினா திருத்தம் போடுவாங்க. இல்லன்னா நெறிமுறைக் குழுவுக்குப் போகும், உங்க ஃபைல் நின்னுடும்." அதோடு, "போனவருக்கு என்ன மேடம் வித்தியாசம்?" என்றார்.

உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. நான் சரி என்றேன். அந்த நிமிஷம் எனக்கு அந்தப் பதவி வேண்டும்போல இருந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். எனக்குக் கீழே படித்த பெண் இன்றைக்கு என் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறாள்.

ஆய்விதழுக்கு எழுதினேன். பெயரை எடுக்க, பேப்பரில் பெயர் உள்ள எல்லா ஆசிரியர்களும் சம்மதிக்க வேண்டும், இறந்தவருக்கு அவருடைய வாரிசு கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு படிவம் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, அந்தப் படிவத்தோடு உன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "வா கஸ்தூரி, குந்து. நாஷ்டா துன்னியா?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன், சுற்றி வளைத்து. பொறுமையாகக் கேட்டாள்.

"அதுல இன்னா எழுதிக்கீது? தமிழ்ல படி."

படித்தேன். "மேற்கண்ட தேசப்பன் இந்த ஆய்வின் சிந்தனையிலோ திட்டமிடலிலோ பங்கு வகிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்."

"இத்த யாரு சொன்னது?"

"நான்தான் அண்ணி. நான் எழுதினது."

தெருவில் ஒரு மீன் வண்டி போனது. அது தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "உன் வேலைக்கு வேணும்னா அவுரே போட்டுக் குடுத்திருப்பாரு. அதனால நானும் போடறேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதே. ஒரு வருசம் வேஸ்ட்டாப் போச்சுன்னு இங்க வந்து அழுதியே, அன்னிக்கு தண்ணி வத்தறப்போ எடுன்னு சொன்னது யாரு? நான்தானே டீ போட்டுக் குடுத்துகினு நின்னேன்."

அவள் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, "அஞ்சலை" என்று போட்டாள். தாளில் ஈரம் பட்டுவிடாமல் ஓரமாகப் பிடித்து என்னிடம் நீட்டினாள். திரும்ப இறால் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் படிவத்தை ஒன்பது நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பத்தாவது நாள் அனுப்பத்தான் உட்கார்ந்தேன். கூடவே இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பேப்பரில் யார் யார் என்ன செய்தார்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். யோசனை யாருடையது, மாதிரி எடுக்கும் முறையைத் திட்டமிட்டது யார், சோதனை செய்தது யார், எழுதியது யார். முன்பு திட்டமிட்டவர் கட்டத்தில் உன் பெயர் இருந்தது. உன்னை எடுத்துவிட்டால் அந்தக் கட்டம் காலி. காலியாக விட முடியாது. என் பெயரைப் போட வேண்டும்.

அங்கேதான் நின்றுவிட்டேன். உன் பெயரை எடுப்பது ஒன்று. நீ சொன்னதை நான் யோசித்தேன் என்று கையெழுத்துப் போடுவது இன்னொன்று. அன்பளிப்பாகப் பெயர் போட்டாயா என்று கேட்டவர்களுக்காக, நான் நிஜமாகவே திருட வேண்டுமா? இரண்டு படிவத்தையும் கிழித்துப் போட்டேன். அண்ணியின் கையெழுத்து இருந்த பகுதியை மட்டும் கிழிக்க முடியவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. இரண்டு பேர் விசாரித்தார்கள். ஒருவர் புள்ளியியல் பேராசிரியை, அதிகம் பேசாதவர். நான் முதல் வருஷத்து வரைபடத்தையும் இரண்டாம் வருஷத்து வரைபடத்தையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நடுவுல என்ன மாறுச்சு?"

"எப்ப எடுக்கிறதுங்கிறது மாறுச்சு மேடம். எந்த இறாலை எடுக்கிறதுங்கிறதும்."

"மாத்தச் சொன்னது யாரு?"

"ரெண்டாவதா இருக்கிறவர்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பேர் அப்படியே இருக்கட்டும்" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

இரண்டு மாதம் கழித்து வந்ததுதான் அந்த நாலு வரிக் கடிதம். உன் பெயரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தாக்கம் போதாதாம். துறைத் தலைவரிடம் கேட்டதற்கு, "பேர் விஷயத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்களே மேடம், அப்புறம் என்ன?" என்றார். தலைப்பில் எண்ணூர் என்று போட்டதே தப்பு, வெப்பமண்டலக் கழிமுகம் என்று பொதுவாகப் போட்டிருந்தால் நாலு பேர் படித்திருப்பார்கள் என்று அறிவுரையும் சொன்னார். எண்ணூர் இறாலை எண்ணூர் இறால் என்று சொன்னால் அது சின்ன விஷயமாகிவிடுகிறது. ஊர் பெயரை மறைத்தால் பெரிய ஆராய்ச்சியாகிவிடுகிறது. எனக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. உனக்கு விளங்குகிறதா?

தாக்கம் என்று எதைச் சொல்கிறார்கள்? கால்வாயைத் தூர்வாரச் சொல்லிக் குப்பத்தார் போன மாதம் மனு கொடுத்தார்கள். மனுவோடு நம் பேப்பரைச் சேர்த்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், பின்னால் நின்றேன். அதிகாரி, "இது யார் எழுதினது? வெளியூர் ஆளுங்களா?" என்று கேட்டார். எல்லப்பன் தாளை வாங்கி, உன் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்தான். "சார், இத்த எழுதினது எங்க ஆளு. என் தோஸ்து. என்கூட ஒரே படகுல வந்தவன்" என்றான். அதிகாரி பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஆளை அனுப்பித் தண்ணீரைப் பார்க்கச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம். இன்னும் யாரும் வரவில்லை. இதெல்லாம் எந்த எண்ணிலும் சேராது அண்ணா. மனுவில் வந்தால் மேற்கோள் இல்லையாம்.

அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன். கிழித்துப் போட்டதைச் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் போனேன். கேட்டுவிட்டு, "வேல போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். போகாது, உயராது என்றேன். "சரி, சோறு போடறேன்" என்றாள்.

உனக்குத் தெரியாத ஒன்று. நீ போனதிலிருந்து அண்ணி தானே தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கப் போகிறாள், மற்றப் பெண்களோடு. நீ போய் ஆறு மாதம் இருக்கும், ஒரு நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். "கால்வாப் பக்கம் முட்ட வெச்ச எறா கெடைக்கிறதே இல்ல கஸ்தூரி. கெடைச்சாலும் கொஞ்சோண்டு முட்ட. கடல் பக்கம் அப்பிடி இல்ல. கைல எடுத்தாலே தெரியுது." பெண்கள் வருஷக்கணக்காகப் பார்த்துவந்திருக்கிறார்கள். எங்களில் ஒருவரும் அவர்களிடம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை, எனக்கும்தான்.

ஒன்றரை வருஷமாக அதைத்தான் எண்ணுகிறோம். எந்தெந்த இடத்தில் எடுப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று அண்ணிதான் சொன்னாள். எல்லப்பன் படகு கொண்டுவருகிறான், முணுமுணுத்துக்கொண்டே. முட்டை குறையும் இடத்தில் எந்த மரபணு அடங்கிப்போகிறது என்று நான் பார்க்கிறேன். பேப்பர் எழுதி முடித்துவிட்டேன். இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் உன் வீட்டில் வைத்து முழுசும் தமிழில் படித்துக் காட்டினேன். அண்ணி இரண்டு இடத்தில் தப்பு சொன்னாள். திருத்தினேன். இதற்கும் மேற்கோள் நிறைய வராது என்று எனக்குத் தெரியும். தலைப்பில் எண்ணூர் இருக்கிறது.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிப்பேன். அந்த மேஜைக்கு எதிரே மறுபடி உட்காருவேன். யார் இவர்கள் என்று கேட்டால், எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். மறுபடி ஒரு வரியில் பதில் அனுப்பினால் அனுப்பட்டும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. இன்னொன்றும் சொல்கிறேன், உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தாலும். நம் வீட்டில் யாராவது உடம்பு சரியில்லை என்றால், எந்த ஆய்விதழ் எத்தனை நாள் அவகாசம் கொடுத்திருந்தாலும், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன்.

நேற்று ஆசிரியர்களின் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். பெயரை எப்படிப் போடட்டும், அஞ்சலை என்று போடட்டுமா என்றேன். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"வெறும் அஞ்சலன்னு போட்டா யாருக்குத் தெரியும்? அவுரு பேரையும் சேத்துப் போடு" என்றாள்.

அஞ்சலை தேசப்பன் என்று போட்டிருக்கிறேன் அண்ணா. முதல் பெயராக.

உன் பாப்பா,
ஆ. கஸ்தூரி